இரண்டாவது கிளாஸ்

அத்தியாயம் 9

பெரியவர் அன்செல்ம் தொசான் செத்துக் கிடந்த மேசையில் எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தது, அந்தச் சாக்லேட் கேக்கைத் தவிர.

இன்ஸ்பெக்டர் ஒடீல் கஸ்தேரா அந்தக் கேக்கை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தாள். பிணத்தை எடுத்துப் போய் இரண்டு நாளாகிவிட்டது. கேக் காய்ந்து ஓரங்களில் வெடித்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு காலி கிளாஸ், லேபிள் ஒட்டாத ஒரு பாட்டில், ஒரு சின்னச் சிலேட்டுப் பலகை.

"மேடம், நீங்க முறைக்கற முறைப்புக்கு அந்தக் கேக் வாக்குமூலம் குடுத்துட்டா நமக்கும் சீக்கிரம் சாப்பாடு ஆகும்," என்றான் ரெமி.

ரெமி அவளுடைய உதவியாளன். போர்தோ துறைமுகத்தில் வளர்ந்தவன். வாய்க்கும் வயிற்றுக்கும் ஓய்வு கொடுத்துப் பழக்கமில்லாதவன்.

"குடுக்கும். நீ அதைத் தின்னாம இருந்தா."

"விஷம் பாட்டில்லதானே? கேக் சுத்தம்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு."

"ரிப்போர்ட்டைப் படி."

ரெமி காகிதத்தைப் பிரித்தான். "பெரியவரோட சொந்த இருதய மருந்துதான். பாட்டில்ல கலந்திருக்கு. ஒரு கிளாஸோட நிறுத்தியிருந்தா வாந்தி, மயக்கம், அப்புறம் ஆஸ்பத்திரி. பிழைச்சிருப்பார். ரெண்டாவது கிளாஸ்தான் ஆளை முடிச்சிருக்கு. கேக் பெட்டி மருமகளோட கார்ல கிடைச்சது. மருமக பெல்ஜியத்துக்காரி. மூணு மணிக்கு நீதிபதி வந்து கையெழுத்துப் போட்டா மருமக உள்ள. இப்ப மணி பன்னண்டு. நமக்கு வேலை முடிஞ்சது."

வேலை அவ்வளவு சுலபமாக முடிவது ஒடீலுக்கு எப்போதும் பிடிக்காது. அதிலும் இந்தப் பெய்ரமால் மாளிகையில்.

அவள் பக்கத்திலிருக்கும் பார்சாக் ஊரில் பிறந்தவள். அவள் அம்மா இருபது வருடம் இதே தோட்டத்தில் திராட்சை வெட்டினாள். சிரோன் ஆற்றிலிருந்து எழும் மூடுபனியில் பூஞ்சை பிடித்து, சுருங்கி, இனிப்பு ஏறின பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்ட வேண்டும். அதே கொத்தில் புளித்து அழுகின பழமும் இருக்கும். கண் ஏமாந்து அதைக் கூடையில் போட்டவளை, பெரியவர் அன்செல்ம் எல்லோர் முன்னாலும் நிறுத்தி அந்தப் பழத்தைத் தின்ன வைப்பார். அம்மா மூன்று தடவை தின்றிருக்கிறாள். கிழவர் செத்ததில் ஒடீலுக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது. தப்பான ஆள் உள்ளே போவதுதான் அவளுக்குப் பொறுக்காது.

"ரெமி, இந்த ஊர் இனிப்பு ஒயினை எதோட குடிப்பாங்க?"

"பீர் தீர்ந்து போன துக்கத்தோட."

"வாத்து ஈரலோட. வாட்டின கோழியோட. சிப்பியோட கூடக் குடிப்பாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரோக்ஃபோர் சீஸோட. இனிப்புக்கு உப்புதான் ஜோடி. பழம் வெச்ச இனிப்பு வந்தா முகம் சுளிச்சுக்கிட்டுப் பொறுத்துக்குவாங்க. சாக்லேட்னா பாவம்."

"சின்னப் பாவமா, இல்ல பாதிரியார்கிட்ட போய்ச் சொல்ற அளவுக்கா?"

"பாதிரியாரே எழுந்து போயிடுவார்."

"அப்ப சரிதான். ஊர் தெரியாத பெல்ஜியத்துக்காரி, இனிப்புன்னா இனிப்போடன்னு நினைச்சு வெச்சிட்டா. கேஸ் முடிஞ்சது. கோழி எங்க கிடைக்கும்?"

ஒடீல் சுவரோரம் இருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே இன்னொரு பாட்டில், தக்கை செருகி, பாதி குடித்த நிலையில். லேபிளில் 1971. நல்ல வருடம். பெரியவர் அந்த வாரம் தினமும் ஒரு கிளாஸாகக் குடித்து வந்தது. இந்த ஒயின் திறந்தாலும் ஒரு வாரம் கெடாது.

"திறந்த பாட்டில் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. விஷம் வெக்கறவ அதுலயே ஊத்திட்டுப் போயிருக்கலாம். ஆனா யாரோ இதை எடுத்து பத்திரமா உள்ள வெச்சிட்டு, வேற ஒரு பாட்டிலைத் திறந்திருக்காங்க. ஏன்?"

"எழுபத்தியொண்ணை வீணாக்க மனசு வரலையோ என்னவோ," என்றான் ரெமி விளையாட்டாக.

ஒடீல் திரும்பி அவனைப் பார்த்தாள். "என்ன சொன்ன?"

"ஜோக் மேடம்."

"ஜோக் இல்லை. நீ சொன்னதுலயே உருப்படியான ஒண்ணு அது." அவள் சிலேட்டைக் கையில் எடுத்தாள். நாற்காலிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்ததாம். பெரியவரின் கோணல் எழுத்தில், சாக்கட்டியால் ஒரே ஒரு எண்: 67.

அந்த வீட்டுப் பழக்கம் ஒடீலுக்குத் தெரியும். பாதி ஊருக்குத் தெரியும். நிலவறைப் பொறுப்பாளர் சில நாள் லேபிள் இல்லாத பாட்டிலைத் திறந்து மேசையில் வைப்பார். பெரியவர் குடித்துப் பார்த்து வருடத்தைச் சிலேட்டில் எழுத வேண்டும். நாற்பது வருட ஆட்டம். பெரியவர் தோற்றதே கிடையாது என்று பெரியவரே சொல்லுவார்.

"அப்படின்னா இந்தப் பாட்டில் அறுபத்தேழு. இந்தத் தோட்டத்துலயே பெரிய வருஷம். எழுபத்தியொண்ணைக் காப்பாத்த அறுபத்தேழைத் திறப்பாங்களா?" என்றாள் ஒடீல். "வெள்ளிக்காசைக் காப்பாத்த தங்கத்தை ஆத்துல போடுவாங்களா?"

"மாமனார்னா ஆத்துல போட ஆள் தயாரா இருக்கும், மேடம். ஒயினைப் போட மாட்டாங்க. இந்த ஊரைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

*

சமையலறையில் மருமகள் கோதலீவ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு போலீஸ்காரன் காவல். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவள்தான். ஆனாலும் தோட்டத்தில் நாற்பது பேர் பழம் வெட்டுகிறார்கள், அவர்களுக்கு இரண்டு மணிக்குச் சோறு போயாக வேண்டும். பெரியவர் செத்த மறுநாள் காலையும் அறுவடை நிற்கவில்லை. பழத்துக்குத் துக்கம் தெரியாது.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கத்தி பிடித்த கை ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"மதாம் தொசான், உங்க வீட்டுக்காரர் வந்து உங்களைப் பார்த்தாரா?"

"அவருக்கு அறுவடை."

"ரெண்டு நாளா?"

"மழை வந்துடும்னு பயப்படறார்." அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"அன்னைக்கு என்ன நடந்தது? மறுபடி சொல்லுங்க."

"தினமும் நடக்கறதுதான். அஞ்சு மணிக்குள்ள மாமாவோட மேசையில ரோக்ஃபோர் சீஸ், ரொட்டி, கொஞ்சம் அக்ரோட்டு வெச்சேன். வந்துட்டேன். ஆறு மணிக்கு நிலவறை லியோன்ஸ் கத்தினார். போய்ப் பார்த்தேன். என் சீஸ் தட்டு இல்லை. அந்த இடத்துல கேக் இருந்தது."

"அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?"

கத்தி நின்றது. ஒரு கணம்தான். "நான் செய்யலை. அதைத்தான் சொல்ல முடியும்."

"நீங்க இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் சாக்லேட் கொண்டு வந்தீங்கன்னு ஊர்ல சொல்றாங்க."

ரெமி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். கோதலீவ் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"பதிமூணு வருஷம் ஆச்சு. எங்க ஊர்ல யார் வீட்டுக்குப் போனாலும் சாக்லேட் கொண்டு போறதுதான் மரியாதை. அம்மா செஞ்சு குடுத்த பெட்டி. மேசையில இருபது பேர். மாமா எனக்கு ஒரு கிளாஸ் ஊத்தினார். நான் பெட்டியைத் திறந்து, ஒண்ணை வாயில போட்டுக்கிட்டு அந்த ஒயினைக் குடிச்சேன். மேசையில பேச்சே நின்னு போச்சு. மாமா எழுந்து வந்து என் கிளாஸை வாங்கி அடுப்புச் சாம்பல்ல கொட்டினார். பெட்டியை முன்னால நகர்த்தி, ‘முடி’ன்னார். முப்பத்தாறு சாக்லேட். நின்னுக்கிட்டே. இருபது பேர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. முப்பதாவதுல வாந்தி வந்தது. முழுங்கிட்டேன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"தட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார்." அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "அதுக்கப்புறம் நான் சாக்லேட்டைத் தொடலை. என் பொண்ணு அப்போலினுக்குப் பிறந்தநாள்னா கூட பழக் கேக்தான். ஒவ்வொரு விருந்துலயும் மாமா அந்தக் கதையைச் சொல்லுவார். விருந்தாளிங்க சிரிப்பாங்க. நான் சீஸ் எடுத்து வெப்பேன்."

வெளியே வந்தபோது அடுப்பிலிருந்த சட்டியை ரெமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அபூர்வம்.

"சூடு கண்ட பூனை," என்றாள் ஒடீல். "உலகத்துல யார் வேணா அந்த மேசையில சாக்லேட் வெக்கலாம். அவ ஒருத்தி வெக்க மாட்டா."

"அவ தலையில கட்டறதுக்காகவே வெச்சிருக்காங்க. ஆனா மேடம், அந்தக் கதை ஊருக்கே தெரியும். நீதிபதி நம்பணும்னா கதை போதாது."

"அதனாலதான் பாட்டிலைப் பிடிக்கணும். வா."

*

நிலவறையில் லியோன்ஸ் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றிருந்தார். அறுபத்திரண்டு வயது. முகத்தில் எதுவும் தெரியாது. நாற்பது வருடம் அன்செல்ம் தொசானிடம் வேலை பார்த்தவர் முகத்தில் எதையாவது காட்டினால்தான் ஆச்சரியம்.

"அன்னைக்குப் பாட்டில் வெச்சது நீங்களா?"

"இல்லை. அறுவடை சமயத்துல நாங்க ஆட மாட்டோம்."

"ஆனா பெரியவர் ஆடியிருக்கார். யாரோ வெச்ச பாட்டிலை நீங்க வெச்சதுன்னு நினைச்சு குடிச்சுட்டு, சிலேட்டுல அறுபத்தேழுன்னு எழுதியிருக்கார்." ஒடீல் கையோடு கொண்டு வந்த பாட்டிலை நீட்டினாள். "முகர்ந்து மட்டும் பாருங்க. வாயில வெச்சிடாதீங்க."

"வெச்சா எங்க கேஸ் ரெண்டாயிடும்," என்றான் ரெமி.

லியோன்ஸ் பாட்டிலின் வாயை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். கண்ணை மூடினார். அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்து அதன் அடியைத் தடவிப் பார்த்தார். அந்த முகத்தில் முதல் முறையாக ஏதோ அசைந்தது.

"இது அறுபத்தேழு இல்லை."

"பெரியவர் தப்பா சொல்லிட்டாரா?"

"எழுபத்திநாலு. நான் முகராமலே சொல்லியிருக்கலாம். அந்த வருஷம் மட்டும் அடி தட்டையான மலிவு பாட்டில் வாங்கினோம்." அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கடைசி மூலைக்கு நடந்தார். தூசி படிந்த ஓர் அடுக்கு. லேபிள் இல்லை. மேலே சாக்கட்டியில் ஒரு கோடு. "லேபிளே ஒட்டாத வருஷம். பெரியவர் ஒட்ட விடலை."

"ஏன்?"

"அந்த வருஷம்தான் சின்னவர் கையில முதல் தடவையா அறுவடையைக் குடுத்தார். அவர் மகன் ஓபான் தொசான். ‘இன்னும் பூஞ்சை ஏறட்டும், இன்னும் நாலு நாள்’னு சின்னவர் காத்திருந்தார். அஞ்சாம் நாள் மழை. பாதி பழம் போச்சு. மிஞ்சினதுல செஞ்சது இது." லியோன்ஸ் அடுக்கைத் தொடாமல் பேசினார். "அதுலேருந்து வருஷா வருஷம், அந்த மழை வந்த தேதியில, வேலைக்காரங்க எல்லாரையும் முற்றத்துல நிறுத்தி ஒரு பாட்டிலைத் திறப்பார் பெரியவர். தகரக் குவளையில ஊத்தி சின்னவரை ஒரே மூச்சுல குடிக்க வைப்பார். மிச்சத்தை முகர்ந்துகூடப் பார்க்காம மண்ணுல ஊத்திடச் சொல்லுவார். பதினோரு வருஷம்."

"சின்னவர் குடிப்பாரா?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. மருந்து மாதிரி."

ஒடீலுக்கு உள்ளே ஏதோ சொடுக்கென்று பொருந்தியது. கைக்கெட்டின தூரத்தில் எழுபத்தியொன்று. அதில் விஷம் ஊற்ற இந்த வீட்டு ரத்தத்தில் பிறந்த எவனுக்கும் கை வராது. ஒரு கொடிக்கு ஒரே ஒரு கிளாஸ்தான் கிடைக்கும். அப்பனைக் கொல்லலாம், ஒயினைக் கெடுக்கக் கூடாது. அதனால் வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறான். ஊர் தெரியாத ஒருத்திக்கு இந்த மூலையும் தெரியாது, இந்தச் சிக்கனமும் வராது.

"அப்ப பெரியவரை விட்டா அந்த மூலை தெரிஞ்சவங்க இந்த வீட்டுல ரெண்டே பேர்தான்," என்றான் ரெமி, லியோன்ஸைப் பார்த்துக்கொண்டே. "ஒருத்தர் இங்க நிக்கறார்."

லியோன்ஸ் திடுக்கிடவில்லை. "நானா இருந்தா இதை எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"இது நல்ல ஒயின்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி, மண்ணுல ஊத்தச் சொன்னதை ஊத்தாம எடுத்துட்டு வந்து குடிச்சுப் பார்த்தேன். பாட்டிலுக்குள்ளயே தேறி வந்திருக்கு. இப்ப கேட்டா, அறுபத்தேழு பக்கத்துல வெக்கலாம். விஷம் வெக்கணும்னா போன வருஷத்துத் தண்ணி ஒயினை எடுப்பேன். இதை எடுக்க மாட்டேன்."

"இதைச் சின்னவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"பெரியவர்கிட்ட?"

"பெரியவர் தப்புன்னு பெரியவர்கிட்ட சொல்றது என் வேலை இல்லை. யாரும் என்னைக் கேக்கவும் இல்லை."

ஐந்து வருடம் ஒருத்தன் முற்றத்தில் நின்று அவமானப்பட்டதை இந்த மனுஷன் பார்த்துக்கொண்டே வாயை மூடியிருந்திருக்கிறார். ஒடீலுக்கு அவர் மேல் வந்த வெறுப்பு பெரியவர் மேல் இருந்ததற்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

"இன்னொண்ணு. பெரியவர் தினமும் எத்தனை கிளாஸ் குடிப்பார்?"

"ஒண்ணே ஒண்ணு. நாப்பது வருஷத்துல அவர் ரெண்டாவது ஊத்தி நான் பார்த்தது அறுபத்தேழுக்கு மட்டும்தான்."

ஒடீல் மணியைப் பார்த்தாள். ஒன்றே கால்.

"இந்த அடுக்குலேருந்து ஒரு பாட்டில் எடுங்க. கண்ணாடிக் குடுவையில ஊத்திச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டு வாங்க. ரெமி, நீ கோழி கேட்டுக்கிட்டே இருந்தியே. ஓடு. ரோக்ஃபோரும் வாங்கிட்டு வா."

"மேடம், கடமைன்னா நான் பின்வாங்கினதே இல்லை," என்றான் ரெமி.

*

ஓபான் தொசான் பூட்ஸில் மண்ணோடு வந்து உட்கார்ந்தான். நாற்பத்தைந்து வயது, அழகான களைத்த முகம். மேசையின் மறுகோடியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் போலீஸ்காரன். ஓபான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லியோன்ஸ் சுவரோரம் நின்றார்.

"வேலை நேரத்துல கூப்பிட்டதுக்கு மன்னிக்கணும்," என்றாள் ஒடீல். "நீதிபதி வர்றதுக்குள்ள ஒரு சின்ன விஷயம். லியோன்ஸ் ஒரு ஒயின் கொண்டு வந்திருக்கார். வருஷம் எனக்குத் தெரியணும். பெரியவர் போயிட்டார். இனி இந்த வீட்டு நாக்கு நீங்கதான்."

அந்தக் கடைசி வார்த்தைகள் அவனுக்குள் எங்கேயோ போய் இறங்கின. முதுகு நிமிர்ந்தது. அவன் வாழ்நாளில் அந்த மேசையில் அவனை யாரும் அதைக் கேட்டதில்லை.

ரெமி குடுவையிலிருந்து ஊற்றினான். பழுத்த பொன் நிறம். ஓபான் கிளாஸைச் சுழற்றினான், முகர்ந்தான். ரோக்ஃபோரில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"அறுபத்தேழு," என்றான்.

"நிச்சயமா?"

"இதுல என்ன சந்தேகம்? ஆரஞ்சுத் தோல், தேன், கொஞ்சம் குங்குமப்பூ. சீஸோட உப்பு ஏற ஏற இது விரியுது பாருங்க, முழுங்கினப்புறமும் போகவே மாட்டேங்குது. வேற எந்த வருஷத்துக்கும் இது வராது." இன்னொரு மிடறு குடித்தான். "இந்த வீட்டு ஒயினைப் போய் சாக்லேட்டோட வெச்சிருக்காங்க. அப்பாவுக்கு அதுவே சாவுதான்."

கோதலீவ் தலை நிமிரவில்லை.

"லியோன்ஸ், நீங்க சொல்லுங்க," என்றாள் ஒடீல்.

"எழுபத்திநாலு."

ஓபான் சிரித்தான். "உங்களுக்கு வயசாயிடுச்சு, லியோன்ஸ்."

"தட்டை அடிப் பாட்டில். கோடு போட்ட அடுக்கு. இப்பத்தான் திறந்தேன்."

"எழுபத்திநாலு சாக்கடைத் தண்ணி, லியோன்ஸ். பதினோரு வருஷமா நான் குடிக்கறேன், எனக்குத் தெரியாதா? அதைக் கீழ ஊத்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதனாலதானே அதை எடுத்து—"

சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

கோழிக்காலைக் கடிக்கப் போன ரெமி அதைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து ஓபானின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

"எடுத்து?" என்றாள் ஒடீல்.

தோட்டத்திலிருந்து வெட்டுகிறவர்களின் பேச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"எழுபத்தியொண்ணு அலமாரிக்குள்ள பத்திரமா இருக்கு, மிஸ்யூ தொசான். அதுல ஊத்த உங்களுக்கு மனசு வரலை. கேக்கை வாங்கி உங்க மனைவியோட கார்ல பெட்டியைப் போட மனசு வந்தது."

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றான் ஓபான். அவன் கண் கிளாஸிலேயே இருந்தது. "இது எழுபத்திநாலா? நிஜமா?"

"நிஜம். ஒரு வருஷமாவது மூச்சைப் பிடிக்காம குடிச்சிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"அவரும் மூச்சைப் பிடிச்சுத்தான் குடிப்பார்னு நினைச்சேன்," என்றான் ஓபான் மெதுவாக, யாருக்கோ சொல்வதுபோல. அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது. "கிளாஸ் காலியானதும் என்ன ஒயின்னு தெரிஞ்சுடும், என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார், திட்டிக்கிட்டே சாகட்டும்னு நினைச்சேன். பதினோரு வருஷம் எனக்கு ஊத்தினதை ஒரு தடவை அவர் குடிக்கட்டும். அவர் கூப்பிடவே இல்லை. சீஸ் தட்டை எடுத்துட்டு கேக்கை வெக்கப் போனப்ப அவர் முகம் கோபமாவே இல்லை."

ஒடீல் சிலேட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாற்காலிக்கு அடியில கிடந்தது. நீங்க பார்க்கலை."

அவன் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தான். படிக்கத் தெரியாதவன் போல ரொம்ப நேரம் பார்த்தான்.

"அவர் எழுதினதா?"

"யாரோட ஒயின்னு தெரியாம எழுதினார். அதனாலதான் நிஜத்தை எழுதினார்."

ஒடீல் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒப்புக்கொண்டாயிற்று, சாட்சிகள் நாலு பேர், மேற்கொண்டு ஒரு வார்த்தையும் வழக்குக்குத் தேவையில்லை. ஆனால் மறுகோடியில் உருளைக்கிழங்கு வாசனையோடு உட்கார்ந்திருந்த பெண்ணை ஒடீல் ஒரு முறை பார்த்தாள். சொன்னாள்.

"முதல் கிளாஸோட விட்டிருந்தா அவர் பிழைச்சிருப்பார்னு டாக்டர் எழுதியிருக்கார். உங்க ஒயின் மோசமா இருந்திருந்தா விட்டிருப்பார். நல்லா இருந்தது. ரெண்டாவது ஊத்தினார்."

அவன் அழுவான் என்று ரெமி எதிர்பார்த்தான். அவன் அழவில்லை. கிளாஸில் மிச்சமிருந்ததை நோக்கிக் கையை நீட்டினான். ரெமி கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு அந்தக் கையில் விலங்கு மாட்டினான்.

போலீஸ்காரன் வந்து ஓபானை எழுப்பினான். மேசையைச் சுற்றிப் போகும்போதுதான் முதல் முறையாக அவன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"கோதலீவ். நீங்க என்னை..." என்று ஆரம்பித்தான். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் ‘நீங்க’ போட்டுத்தான் பேச வேண்டும் என்பது பெரியவர் வைத்த சட்டம்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் கோதலீவ்.

ஒடீல் திரும்பினாள்.

"வருஷா வருஷம் அந்தத் தட்டை அடிப் பாட்டிலைக் கழுவி வெச்சது யாரு? நான்தானே. ஆறு மணிக்கு மேசையைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?" என்றான் ரெமி. "இன்னும் ஒரு மணி நேரத்துல உள்ள போயிருப்பீங்களே."

அவள் கணவனைப் பார்த்தே பேசினாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

"அந்தச் சமையலறையில ரெண்டு நாளா காது குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க வந்து ஒரே ஒரு வரி சொல்லுவீங்கன்னு. ‘என் மனைவி சாக்லேட்டைத் தொடவே மாட்டா.’ அவ்வளவுதான். அதைச் சொன்னா உங்களுக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

ஓபான் தரையைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா," என்றாள் அவள், "நான்தான் செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். உங்களை விட்டிருப்பாங்க. அந்த முடிவோடதான் அங்க உட்கார்ந்திருந்தேன்."

ஓபான் நிமிர்ந்தான். அவள் எழுந்து, மேசையிலிருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மணி இரண்டு. வெட்டுகிறவர்கள் பசியோடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

வாசல்படி வரைக்கும் ஓபான் தன் காலில்தான் நடந்தான். அதற்கப்புறம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.